நடு ஹாலில் ஓர் உப்பளம்

எங்க வீட்டிலிருந்து எந்தத் திசையில கிளம்பினாலும், கடலைக் கண்ணால பார்க்க ஒரு ராத்திரிக்கு மேல ரயில்ல உட்காரணும். குர்காவ்ன் அப்படிப்பட்ட ஊர். 2016-ல் குருகிராம்னு பேர் மாத்திட்டாங்க, ஆனா எங்க ஏரியா ஆட்டோக்காரர் இன்னும் பழைய பேரைத்தான் சொல்றார், நானும் அவர் கட்சி. பொறந்து வளர்ந்தது தூத்துக்குடி. ஜன்னலைத் திறந்தா உப்புக்காத்து அடிக்கிற ஊர்லேர்ந்து, திறந்தா மூக்குல தூசி ஏறுற ஊருக்கு வந்து 14 வருஷம் ஆச்சு.

இப்படிப்பட்டவன் கையில கொஞ்சம் போனஸ் காசு கிடைச்சா என்ன செய்வான்? கடலையே வீட்டுக்குக் கொண்டு வருவான். 2025 பிப்ரவரியில மூணடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி வாங்கினேன். கிட்டத்தட்ட 190 லிட்டர். பொண்ணுக்கு நீமோ மீன் வேணுமாம். அது வெளியில சொல்லிக்கிட்ட காரணம். தங்கமணி மட்டும், "உங்களுக்கு ஆசைன்னா உங்களுக்குன்னு சொல்லுங்க, பாவம் பிள்ளை மேல ஏன் பழி போடுறீங்க"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. முதல் பல்பு.

அதே மாசக் கடைசியில அப்பாவும் வந்து சேர்ந்தார். அம்மா 2024 ஐப்பசியில தவறினப்புறம் நாலு மாசம் தனியா இருந்து பார்த்தார், முடியல. தங்கமணிதான் நேர்ல போய்க் கூட்டிட்டு வந்தாங்க. ஹிந்தி தெரியாது, லிஃப்ட்ல யார் சிரிச்சாலும் பதிலுக்குச் சிரிப்பார். காலையில நாங்க மூணு பேரும் கிளம்பிட்டா சாயங்காலம் வரைக்கும் அவரும் தொட்டியும்தான். ஊர்லேர்ந்து பெரியவங்களைக் கூட்டி வந்து வச்சிருக்கிறவங்களுக்கு இதுக்கு மேல விளக்க வேண்டியதில்லை.

சரி, பாசிக்கு வர்றேன்.

உப்புத் தண்ணித் தொட்டியில மீனை உடனே விட முடியாது. அழுகுற பொருள்லேர்ந்து வர்ற அம்மோனியாவை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டா மாத்தும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டா மாத்தும். இந்தக் கூட்டம் கல்லுலயும் மணல்லயும் குடியேற நாலுலேர்ந்து ஆறு வாரம் ஆகும். அதுவரைக்கும் வெறும் தண்ணியைப் பார்த்துட்டு உட்கார வேண்டியதுதான். கல்லுன்னதும் ஒரு விஷயம். "கடல்லேர்ந்து எடுத்த நிஜப் பவளப்பாறை தரேன்"னு எவனாவது சொன்னா ஓடி வந்துருங்க. 2001-லேயே கல்பவளங்களை 1972-ஆம் வருஷ வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோட முதல் பட்டியல்ல சேர்த்துட்டாங்க. புலி இருக்கிற அதே பட்டியல். நான் வாங்கினது பீங்கான் மாதிரி சுட்ட செயற்கைக் கல்.

ஏப்ரல் தொடக்கத்துல ரெண்டு க்ளவுன் மீன், ஒரு ஃபயர் ஃபிஷ். தொட்டியிலேயே பொரிச்சு வளர்த்த குஞ்சுகள்தான் வேணும்னு கேட்டு, க்ளவுன் ரெண்டையும் அப்படித்தான் வாங்கினேன். அது நம்ம மண்டபத்துல இருக்கிற மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துக்காரங்க எப்பவோ கைவரப் பெற்ற வித்தை.

மீன் வந்து ஒரு வாரத்துல மணல் மேல காப்பிப்பொடி தூவின மாதிரி ஒரு படலம். இது டயாட்டம். தண்ணியில இருக்கிற சிலிக்கேட்டைத் தின்னு வளர்றது. புதுத் தொட்டி எல்லாத்துக்கும் வர்ற அம்மை மாதிரி, தானா வந்து தானா போயிரும். போச்சு. நான் காலரைத் தூக்கி விட்டுக்கிட்டேன்.

மே மாசம் பச்சை முடி முளைச்சது. உருவகம் எல்லாம் இல்லைங்க, நிஜமாவே முடி. கல்லு மேல, பம்பு மேல, ஹீட்டர் வயர் மேல எல்லாம் ரெண்டு அங்குலத்துக்கு அலை அலையா. அதுக்கு அடியில, மணல் மேல, சிவப்பா ஜவ்வு மாதிரி ஒரு போர்வை. கையால எடுத்தா துணி மாதிரி உரிஞ்சு வரும், மறுநாள் சாயங்காலம் மறுபடி அங்கேயே இருக்கும். அந்தச் சிவப்பு சங்கதி உண்மையில பாசியே இல்லை, சயனோபாக்டீரியான்னு ஒரு பாக்டீரியா. இதெல்லாம் இப்போ விவரமா சொல்றேன். அப்போ எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான்: ஏதாவது பாட்டில் கிடைக்குமா?

கிடைச்சது. சிவப்பு ஜவ்வைக் கொல்ற மருந்து. வெள்ளிக்கிழமை ராத்திரி அளவு போட்டேன். பாசி ரொம்ப இருக்கேன்னு கொஞ்சம் சேர்த்தே போட்டேன். போட்டதும் ஸ்கிம்மர் (தண்ணியை நுரையாக்கி அழுக்கைப் பிரிச்சு எடுக்கிற சாதனம்) பைத்தியம் பிடிச்ச மாதிரி நுரையைக் கக்கி, ஹால் தரையெல்லாம் ஈரம். அதை ஆஃப் பண்ணிட்டுத் தூங்கப் போயிட்டேன். ஜவ்வு கூட்டமா செத்து அழுகும்போது தண்ணியில இருக்கிற ஆக்சிஜனைக் குடிச்சிரும், அதனால காத்துப் பம்பை ராத்திரி பூரா ஓட விடணும்னு அந்தத் துண்டுச்சீட்டோட பின்பக்கத்துல போட்டிருந்தது. பின்பக்கத்தை நான் சனிக்கிழமை காலையிலதான் படிச்சேன். அப்போ ஃபயர் ஃபிஷ் மணல்ல கிடந்தது. க்ளவுன் ரெண்டும் தண்ணி மட்டத்துல வாயைத் திறந்து திறந்து மூடிக்கிட்டு இருந்ததுங்க, எப்படியோ பிழைச்சதுங்க.

பொண்ணு அழல. "நீங்கதானே மருந்து ஊத்தினீங்க?"ன்னு கேட்டா. ஆமான்னேன். அவ்வளவுதான், ரெண்டு நாள் என்கூடப் பேச்சு இல்லை.

ரெண்டு வாரத்துல சிவப்பு ஜவ்வு திரும்பி வந்துச்சு. பச்சை முடி போகவே இல்லை. தொட்டியை வித்துரலாம்னு விளம்பரத்துக்குப் படம்கூட எடுத்துட்டேன்.

அப்பா வேலை பார்த்தது உப்பளத்துல. கணக்கப்பிள்ளையா 36 வருஷம். உப்பளத்துக் கணக்கப்பிள்ளைன்னா மேஜையோட மட்டும் நிக்காது, பாத்தி பாத்தியா நடந்து தண்ணியோட "டிகிரி" பார்க்கிறதும் அவர் பொறுப்புதான். பாமேன்னு ஒரு மானி. கடல் தண்ணி மூணு, மூணரை டிகிரி இருக்கும். வெயில்ல காயக் காய ஏறி, 25 வரும்போது உப்பு பூக்க ஆரம்பிக்கும். 29, 30 தாண்டினா மிச்சம் இருக்கிற கசப்புத் தண்ணியை வெளியே விட்டிருவாங்க, இல்லைன்னா உப்பும் கசக்கும். சின்ன வயசுல எனக்கு இதெல்லாம் மனப்பாடம். அப்படிப்பட்ட மனுஷன்கிட்ட தொட்டியைப் பத்தி ஒரு வார்த்தை கேட்கணும்னு எனக்குத் தோணவே இல்லை. இது ஏதோ நெட்டைப் படிச்சுச் செய்ற விஷயம்னு நினைச்சுட்டேன்.

ஒரு ஞாயித்துக்கிழமை நான் பக்கெட்ல தண்ணி எடுத்து ஊத்திக்கிட்டு இருந்தேன். வெயில் 44 டிகிரி, தொட்டி மேல ஃபேன் வேற ஓடுது. தினம் ரெண்டு லிட்டர் ஆவியாயிரும், அதை ஈடு கட்டணும்.

"என்ன தண்ணிடே அது?"

"ஆர்.ஓ. தண்ணிப்பா. சமையல்கட்டு ஃபில்டர்ல பிடிச்சது. சுத்தமான தண்ணி."

"சுத்தம்னா எவ்வளவு?"

டி.டி.எஸ். மீட்டரைப் போட்டுக் காமிச்சேன். டேங்கர் தண்ணி 850. ஃபில்டர் தண்ணி 90.

"அப்போ அந்தத் தொண்ணூறு எங்க போகுது?"

எனக்குப் புரியல. அப்பா பொறுமையா சொன்னார். "ஆவியாப் போறது வெறும் தண்ணி. அதுல இருக்கிறது எதுவும் போகாது, இங்கதான் கிடக்கும். நாளைக்கு மறுபடி ரெண்டு லிட்டர் ஊத்துத. அதுல இருக்கிறதும் இங்கதான் கிடக்கும். ஏலே, நீ மீன் தொட்டி கட்டல. பாத்தி கட்டி வச்சிருக்க."

பொறியியல் படிச்சு, ஊரூரா போய் மத்தவங்களுக்குக் கணக்குப் போட்டுக் குடுக்கிறவன் நான். மண்டையில நச்சுனு ஒரு குட்டு வச்ச மாதிரி இருந்தது :-)

கணக்கைப் போட்டுப் பார்த்தேன். அந்த 90-ல நைட்ரேட் லிட்டருக்கு 5 மில்லிகிராம்னு வச்சுக்குவோம். தினம் ரெண்டு லிட்டர்னா 10 மில்லிகிராம். ரெண்டு மாசத்துக்கு 600. இத்தனூண்டு தொட்டியில அது மட்டுமே மூணு பி.பி.எம்.க்கு மேல. இதுல பாஸ்பேட்டும் சிலிக்கேட்டும் தனி. முதல்முதல்ல நிரப்பின 190 லிட்டரும் இதே தண்ணிதான்.

ஆர்.ஓ.ன்னா 90 ஏன் காமிக்குதுன்னு கழட்டிப் பார்த்தா, நம்ம ஊர் வீட்டு ஃபில்டர்கள் பலதுலயும் டி.டி.எஸ். கன்ட்ரோலர்னு ஒரு சின்ன குழாய்த் திருகு இருக்கு. தண்ணி ரொம்பச் சப்புன்னு இருக்கக்கூடாதுன்னு, ஆர்.ஓ. ஜவ்வு வழியா போகாத தண்ணியையும் கொஞ்சம் கலந்து விடும். குடிக்கிறதுக்கு நல்லதுதான். தொட்டிக்கு அதுதான் பாசிக்குப் போடுற உரம். தனியா ஒரு ஆர்.ஓ. ஜவ்வும் அதுக்குப் பின்னாடி டி.ஐ. ரெசின் குழாயும் மாட்டினதும் மீட்டர் 0 காமிச்சது. ஒரு பக்கெட் நல்ல தண்ணிக்கு மூணு பக்கெட் கழிவு வரும், அது வீடு துடைக்கப் போகுது.

அன்னியிலேர்ந்து அப்பா தொட்டிப் பக்கம் நாற்காலியை இன்னும் கிட்டக்க இழுத்துப் போட்டுக்கிட்டார். உப்பு பக்கெட் விலையைக் கேட்டுட்டு, "இதுக்கு நம்ம அளத்துலேர்ந்து ரெண்டு மூட்டை லாரியில போட்டு விடச் சொல்லியிருப்பேனே"ன்னார். அப்புறம் அவரே, "இல்ல, நாம எடுக்கிறது வெறும் உப்பு. நாம வெளியே விடுற கசப்புத் தண்ணியில இருக்கிறதும்தானே மீனுக்கு வேணும்"னார். மக்னீசியத்தை இதைவிட எளிமையா யாரும் எனக்குச் சொன்னதில்லை. ஃப்ரீசர்லேர்ந்து உறைஞ்ச ஆர்ட்டீமியா தீனியை எடுத்துக் காட்டினப்போ, "இது அளத்துல சிவப்பா நெளியுமே அந்தப் பூச்சில்லா! இதைக் காசு குடுத்தா வாங்குத?"ன்னு அரை மணி நேரம் சிரிச்சார். அம்மா போனப்புறம் அவர் அப்படிச் சிரிச்சு நான் பார்க்கல.

பாசியைப் பார்த்து அவருக்குக் கோபமே வரல. "கீழ்ப் பாத்தியில பாசி படிஞ்சாத்தான் தரை தண்ணியை உறிஞ்சாது. பாசி கெட்டது இல்ல. ஜாஸ்தியானா எங்கேயோ வரவு ஜாஸ்தின்னு அர்த்தம்." பொண்ணோட பழைய நோட்டு ஒண்ணை வாங்கி, நடுவுல கோடு போட்டார். இடது பக்கம் வரவு, வலது பக்கம் செலவு. தொட்டிக்குள்ள போறது எல்லாம் வரவு. ஸ்கிம்மர்ல எடுத்த அழுக்கு, கையால பிடுங்கின பாசி, மாத்தின தண்ணி எல்லாம் செலவு.

இன்னொரு விஷயமும் அப்போதான் உறைச்சது. அதுவரைக்கும் டெஸ்ட் கிட்ல நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யம் காமிச்சுக்கிட்டே இருந்தது, நானும் "சத்தே இல்லாத தண்ணியில பாசி எப்படி வளருது"ன்னு மண்டையை உடைச்சுக்கிட்டேன். தண்ணியில மிச்சம் இருந்தாத்தானே கிட்ல தெரியும்? வர்றதை எல்லாம் பாசியே தின்னு தீர்த்துக்கிட்டு இருந்திருக்கு. கையிருப்பு பூஜ்யம்னா வரவே இல்லைன்னு எந்தக் கணக்கப்பிள்ளை சொல்வார்?

ஒரு வாரம் கழிச்சு அந்த நோட்டைப் புரட்டினேன்.

வரவுப் பக்கம்: தீனி, காலை 6.30. தீனி 9.00. தீனி 11.00. தீனி 3.00. தீனி 5.00. தீனி 8.00. ஒவ்வொரு நாளும், அதே ஆறு நேரம், அதே அழகான சாய்ந்த கையெழுத்து.

ரெண்டே ரெண்டு குட்டி மீன். ஒரு நாளைக்கு ஒரு தடவை, ரெண்டு நிமிஷத்துல தின்னு முடிக்கிற அளவு போட்டாப் போதும். ஆறு தடவை போட்டா மிச்சம் அத்தனையும் கல்லுக்கடியில போய் அழுகி, பாசிக்குத்தான் விருந்து. பாசி எங்கேர்ந்து வருதுன்னு மூணு மாசமா தேடினேன், பதில் அப்பா கையெழுத்துல இருந்தது.

மறைக்கணும்னு அவர் நினைச்சிருந்தா எழுதியிருக்கவே மாட்டார். கணக்குன்னா உள்ளதை எழுதணும், அவ்வளவுதான் அவருக்கு.

அந்த நேரங்களை முதல்ல பார்த்தப்பவே எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. ராத்திரி படுக்கும்போதுதான் பிடிபட்டது. அம்மா கடைசி ரெண்டு வருஷம் படுக்கையில. ஒரேயடியா சாப்பிட முடியாது, அதனால கொஞ்சம் கொஞ்சமா ஆறு வேளை. கஞ்சி, பால், மாத்திரை, மறுபடி கஞ்சி. எல்லாம் அப்பாதான் ஊட்டினார். நான் ஆபீஸ்லேர்ந்து போன் பண்ணும்போது, "இரு, பதினோரு மணி ஆயிருச்சு, உங்கம்மாவுக்குக் குடுத்துட்டுப் பேசுதேன்"னு வைப்பார். போன்லதான் எனக்கு அந்த நேரங்கள் தெரியும். அந்த ரெண்டு வருஷத்துல நான் ஊருக்குப் போனது அஞ்சு தடவை, தடவைக்கு நாலு நாள்.

தங்கமணிகிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "மாமாகிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க. பாசி இருந்தா இருந்துட்டுப் போகட்டும்"னாங்க. எனக்கும் அதுதான் தோணிச்சு. விக்கிறதுக்கு எடுத்த படத்தை அழிச்சேன், வாரா வாரம் பாசியைப் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டேன்.

ஆனா கணக்கப்பிள்ளை மாசக் கடைசியில கணக்கை முடிப்பார்ங்கிறதை நாங்க ரெண்டு பேரும் மறந்துட்டோம். ஜூன் 30 சாயங்காலம் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு உட்கார்ந்து ரெண்டு பக்கமும் கூட்டினார்.

"வரவு ரொம்ப ஜாஸ்தியா இருக்கேடே."

நான் டிவியையே பார்த்துக்கிட்டு இருந்தேன்.

"நாளைக்கு எத்தனை தடவை போடணும் இதுகளுக்கு?"

"...ஒரு தடவைப்பா."

"ஏன் சொல்லல?"

என்ன பதில் சொல்றது? அவரே சொன்னார். "கண்ணாடிகிட்ட போய் நின்னா ஓடி வருதுக. பசின்னு நினைச்சேன்." அப்புறம் எழுந்து உள்ளே போயிட்டார். ராத்திரி சாப்பாட்டுக்கும் சரியா பேசல. நான் அன்னிக்குத் தூங்கின மாதிரியே இல்லை.

மறுநாள் காலையில தொட்டிப் பக்கத்துல ஒரு பிளாஸ்டிக் டப்பா இருந்தது. ஞாயிறு முதல் சனி வரைக்கும் ஏழு கட்டம். அம்மாவோட மாத்திரை டப்பா. ஊர்லேர்ந்து வரும்போது பெட்டியில எடுத்து வச்சிருக்கார், எங்களுக்குத் தெரியாது. ஒவ்வொரு கட்டத்துலயும் ஒரு சிட்டிகை தீனி.

"ஞாயித்துக்கிழமை பாப்பா நிரப்பட்டும். நான் தினம் பதினோரு மணிக்கு ஒரு கட்டம் போடுதேன். கட்டம் காலின்னா அன்னிக்கு முடிஞ்சது."

அதுக்கப்புறம் நடந்தது பொறுமை சம்பந்தப்பட்ட விஷயம்தான். எதையும் கொல்லல. விளக்கை 11 மணி நேரத்திலேர்ந்து 7 ஆக்கினோம். பால்கனி வெயில் தொட்டி மேல நேரா விழுந்துக்கிட்டு இருந்தது, திரை போட்டோம். வாரம் ஒரு தடவை பழைய டூத் பிரஷ்ஷால முடியைத் தேய்ச்சு, டியூப்ல உறிஞ்சி வெளியே எடுத்துட்டு, 20 லிட்டர் புதுத் தண்ணி. உறைஞ்ச தீனியை அப்படியே போடாம டீ வடிகட்டியில ஒரு தடவை அலசிப் போட்டோம், அந்தச் சாறுல பாஸ்பேட் நிறைய. ஆகஸ்ட்ல அஞ்சு ட்ரோக்கஸ் நத்தை வாங்கி விட்டோம். பாசி குறையக் குறைய டெஸ்ட்ல நைட்ரேட் ஏறி 20 வரைக்கும் போச்சு, பயந்துட்டேன், தின்ன ஆளில்லாததால வெளியே தெரியுதுன்னு அப்பா சொல்லித்தான் சமாதானமானேன். அப்புறம் தானா 8-க்கு இறங்கிச்சு. அதையும் பூஜ்யம் ஆக்கணும்னு ஆசைப்படக்கூடாதாம். ரெண்டும் பூஜ்யமான தண்ணியிலதான் டைனோஃப்ளாஜெல்லேட்னு ஒண்ணு சளி மாதிரி, குமிழியோட வரும், அதோட ஒப்பிட்டா பச்சை முடி தங்கமான பிள்ளை.

செப்டம்பர் முடியும்போது பின்பக்கக் கண்ணாடியில மட்டும் கொஞ்சம் பச்சை. அதை விட்டுட்டோம், நத்தைக்கு வேணுமே.

ஐப்பசியில அம்மாவோட முதல் வருஷத் திதி. பத்து நாள் எல்லாருமே ஊருக்குப் போகணும். தொட்டியை யார் பார்த்துக்கிறது? எதிர் வீட்டு பெங்காலி ஆன்ட்டிகிட்ட மாத்திரை டப்பா ரெண்டும் (புதுசா இன்னொண்ணு வாங்கினோம்), நோட்டும் குடுத்தோம். மீன்னா உயிர் அவங்களுக்கு. "வறுக்கிற மீன் இல்லை ஆன்ட்டி"ன்னு பொண்ணு ரெண்டு தடவை சொன்னா.

டிக்கெட் போடும்போது திரும்பி வர்றதுக்கு மூணா நாலான்னு எனக்குத் தெரியல. அப்பாகிட்ட கேட்கவும் தயக்கம். வீடு அங்க, அவர் ஆட்கள் எல்லாம் அங்க. மூணு போட்டு வச்சேன். திதி முடிஞ்ச மறுநாள் திண்ணையில உட்கார்ந்து பேப்பர் படிச்சுக்கிட்டே, "அந்த அம்மாவுக்கு வரவு செலவு எழுதத் தெரியுமோ என்னமோ"ன்னார். உள்ளே போய் நாலாவது டிக்கெட்டைப் போட்டேன். கடைசி நேரம்ங்கிறதால விலை ரெட்டிப்பு. தங்கமணி ஒண்ணும் சொல்லல.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழட்டின கையோட அப்பா நேரா தொட்டிகிட்ட போனார். நோட்டுல பத்து நாளும் பெங்காலியில ஏதோ எழுதியிருந்தது. டப்பா காலி. மீன் ரெண்டும் ஓடி வந்ததுங்க. ரிஃப்ராக்டோமீட்டர்ல ஒரு சொட்டு விட்டு, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பார்த்தார். 1.027.

"மூணே முக்கால் தாண்டிருச்சுடே. அந்தம்மா தண்ணி சரியா ஊத்தல."

நான் பக்கெட்டை எடுக்கப் போனேன்.

"ஒரேயடியா ஊத்தாத. ரெண்டு நாளாப் பிரிச்சு ஊத்து. இன்னிக்குப் பதினோரு மணி ஆயிருச்சா?"